ஜாடியில் ஒரு களை

மகளின் கையில் தடிப்பு வந்ததும், வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது என் நாத்தனாருக்கு.

"பார்க்குல கண்ட செடியையும் தொட விட்டிருக்கா. இனிமே குழந்தை வீட்டுலயே விளையாடட்டும்," என்று தம்பியிடம் சொன்னாள்.

அக்கா கிழித்த கோட்டைத் தாண்டி என் கணவருக்குப் பழக்கமில்லை. "அக்கா சொல்றதும் சரிதானே," என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாத்தனாரின் தையல் மெஷின் எங்கள் கூடத்து ஜன்னலோரம்தான். நான் மகளுக்குத் தலை வாருவதையும் சோறு ஊட்டுவதையும் ஊசியில் நூல் கோத்தபடியே திருத்துவாள். சாயங்காலம் பூங்காவில் ஒரு மணி நேரம்தான் அவள் கண் படாத நேரம். மகள் ஓடுவாள், எதையாவது பறிப்பாள், அழுக்காவாள். யாரும் எங்களைத் திருத்த மாட்டார்கள். இப்போது அதிலும் கை வைத்துவிட்டாள்.

"எந்தச் செடின்னு கண்டுபிடிச்சுட்டா விடுவீங்களா அண்ணி?"

"நீயா? கொத்தமல்லிக்கும் புதினாவுக்கும் வித்தியாசம் தெரியாதவ! கண்டுபிடி, பாக்கலாம்."

நூலகத்தில் செடிப் புத்தகம் ஒன்று எடுத்துக்கொண்டு பூங்காவுக்குத் தனியாகப் போனேன். அதுவரை எனக்குத் தரையில் பச்சையாக இருப்பதெல்லாம் புல். கிள்ளினால் பால் வந்தது அம்மான் பச்சரிசி. புடவையில் தொற்றிக்கொண்டு வீடு வரை வந்தது நாயுருவி. என் நாத்தனார் ஜாதி என்று நினைத்துக்கொண்டேன். ஒவ்வொரு இலையையும் கசக்கி என் இடது முன்கையில் தேய்த்து, சுற்றிப் பேனாவால் கட்டம் போட்டு, உள்ளே செடிப் பெயரின் முதல் எழுத்தை எழுதினேன். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள். போகட்டும்.

ஊஞ்சலுக்குப் பின்னால் கேரட் இலை மாதிரி இலையும் பொடிப்பொடியாக வெள்ளைப் பூவுமாக ஒன்று மண்டிக் கிடந்தது. பார்த்தீனியம். சிலர் உடம்புக்கு ஆகாது, தடிக்கும் என்றது புத்தகம். இரண்டே நாளில் அந்தக் கட்டம் மட்டும் சிவந்து வீங்கியது. அரிப்புக்காக நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை.

கையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடினேன். மெஷின் பக்கத்தில் ஒரு கண்ணாடி ஜாடி. அதில் அதே வெள்ளைப் பூ, வாடிப்போய். எத்தனையோ நாளாக அங்கேதான் இருந்தது. எனக்கு அது வெறும் பூவாக இருந்தது.

"விஷத்தைப் பக்கத்துலயே வச்சுக்கிட்டுப் பார்க்கைக் குத்தம் சொன்னீங்களா? குழந்தை கை வீங்கினது உங்களாலதான்!" இன்னும் வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். கணவர் பாதி சவரத்தோடு வந்து நின்றார்.

நாத்தனார் மெஷினை நிறுத்தினாள். "நானா போய்ப் பறிச்சேன்? உன் பொண்ணுதான் தினம் கொண்டுவந்து குடுப்பா. 'அம்மா உங்களுக்குக் குடுக்கச் சொன்னாங்க அத்தை'ன்னு. இவளுக்கு என்ன திடீர்னு நம்ம மேல கரிசனம்னு நெனச்சேன். வாடினப்புறமும் தூக்கிப் போட மனசு வரல."

மகள் கதவருகே இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றாள். என்னைத்தான் பார்த்தாள். நான் அப்படி எதுவும் சொல்லி அனுப்பியதே இல்லை. இல்லை என்று சொன்னால், செடியைக் கண்டுபிடித்ததற்குப் பூங்கா எனக்கு; குழந்தை பொய்க்காரி ஆவாள். ஆமாம் என்றால் தடிப்புக்குக் காரணம் நான். என் வாழ்க்கையில் அப்படி ஒரு கசப்பை நான் விழுங்கியதில்லை.

"ஆமா. நான்தான் குடுத்துவிட்டேன்."

"விஷம்னு தெரிஞ்சா, தெரியாமலா?"

"தெரியாமத்தான்."

அவள் என் கையிலிருந்த கட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு வெட்டுத்துணியால் பூவைப் பிடித்து எடுத்துக் குப்பையில் போட்டாள்.

"பார்க்குக்குப் போங்க. வேணாங்கல," என்றாள். எனக்கு மூச்சு வந்தது. "ஆனா தினமும் நானும் வருவேன். நீ எதைப் பறிச்சு அனுப்புறேன்னு பாக்கணுமில்ல?"

"அத்தையும் வர்றாங்களா!" என்று மகள் குதித்துக்கொண்டு போய் அவள் முந்தானையைப் பிடித்தாள்.

அந்த ஒரு மணி நேரமும் போயிற்று. நான் கையைச் சொறிந்துகொண்டு நின்றேன்.