கல்லொட்டி மீன் கிடக்கும் இடம்

"கத்தாத ஸ்வாவா, படகுத்துறையே பாக்குது" என்கிறான் எய்விந்த், பாக்கட்டுமே, "செத்துப்போன என் புருஷன் தன் கூடப்பொறந்தவனுக்கே காட்டாத இடம்யா அது, உன் ஒருத்தன்கிட்டதான் சொன்னேன், அங்க எப்படி அவ கொடி மிதக்குது?" என்று கேட்டால் கையுறையைக் கழற்றுகிறான், மாட்டுகிறான், மறுபடி கழற்றுகிறான்... நான் ஒன்றும் வேவு பார்க்கவில்லை, ஜன்னல் கடலைப் பார்த்து இருக்கிறது, தொலைநோக்கி ஜன்னலில் இருக்கிறது, கண் என் முகத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். காலையில் பார்த்தால் த்ரீஃபாவின் வலைக்கொடிகள், மஞ்சளாக, தேவாலயக் கூம்பு கரும்பாறைக்குப் பின்னால் மறையும்போது சிவப்புக் கொட்டகை கல்குவியலுக்கு நேராக வருமே, அச்சாக அங்கேயே... அடியில் முழுக்கப் பாறையும் பாசியும், கல்லொட்டி மீன் வயிற்றால் கல்லைப் பிடித்துக்கொண்டு கிடக்கும் இடம். த்ரீஃபா யார்? போன கோடையில் வந்தவள், பள்ளிக்கூடத்தில் சமைப்பவள், மாமன் விட்டுப்போன படகில் நின்று காற்று எந்தப் பக்கம் என்று விரலை நக்கி நீட்டுகிறவள்! அவளுக்கு மீனா வந்து சொல்லிற்று?

"வாய் தவறி வந்துருச்சு" என்கிறான். கூம்பு, கொட்டகை என்று இடம் பிடிக்கிற இரண்டு குறியும் வரிசையாகவா தவறும்? ஐந்து வருஷமாக மார்ச் பிறந்தால் இவன் வலையில் விழும் முதல் ஆண்மீன், அந்தச் சிவப்பு வயிற்றுக்காரன், என் கதவுப் பிடியில் தொங்கும், ஊர் பார்க்கும், ஊர் பார்ப்பதை நானும் பார்ப்பேன், இன்றைக்கோ நாளைக்கோ கல்யாணத்துக்குக் கேட்டுவிடுவான் என்று... இந்த வருஷம் கதவில் காற்றுதான். அந்த மீனில் பெட்டை முட்டையைப் போட்டுவிட்டுப் போய்விடும், ஆண்தான் கல்லோடு காத்துக் கிடக்கும், அதை வைத்து இவனை எடை போட்டேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

"எப்ப சொன்ன அவகிட்ட?"

"உருளைக்கிழங்கு உரிச்சிட்டிருந்தப்ப."

"அவ உரிச்சாளா?"

"நான்தான்..."

இவனா? என் சமையலறையில் கரண்டியைக்கூட எட்டி எடுக்காதவன், காபியை ஆற்றித் தந்தால் குடிக்கிறவன்... வீட்டைப் பார்த்து நடந்தேன், துறைக்குத்தான் பெரிய ஏமாற்றம்.

செப்டம்பரில் அவர்களுக்குக் கல்யாணம், நானும் போனேன், கேக் காய்ந்திருந்தது. இரண்டு பேரும் ஆகுரேரி நகரத்துக்குக் குடிபோய்விட்டார்கள், அந்த இடத்தில் இப்போது யார் வலையும் இல்லை, மீன்கள் நிம்மதியாக இருக்கும்... ஒன்றுதான் உறுத்துகிறது. என் ஸ்டுர்லா எனக்கே அந்த இடத்தைச் சொன்னது கல்யாணமாகி ஏழாவது வருஷம், அதுவும் காய்ச்சலில். எய்விந்துக்கு நான் சொன்னது அவன் காபிக்கு வந்த இரண்டாவது வாரம். அவன் கேட்கக்கூட இல்லை... கேட்காதவனிடம் எதற்குச் சொன்னேன்?