ஹாம்ஸ்டர் கடித்த விரல்

அலெப்போவில் நோன்பு மாதம் பிறந்ததிலிருந்தே துரய்யாவுக்குக் கணவன்மேல் சந்தேகம். அந்தி சாயும்போதும் வஜீஹின் முகம் வாடுவதே இல்லை.

வீட்டுக் கூண்டில் வளரும் ஹாம்ஸ்டர் என்ற குட்டைவால் எலி நன்றாகப் பழகியது. கழுவிய கையென்றால் ஏறிச் சுருண்டு படுக்கும். தீனி வாசம் அடித்தால் மட்டுமே கடிக்கும்.

அன்று சாயங்காலம் தன் கடையிலிருந்து வந்த வஜீஹ் கூண்டுக்குள் கையை விட்டான். நறுக்கென்று ஒரு கடி.

“ஏங்க, பிஸ்தா ருசியா இருந்துச்சா?” என்றாள் துரய்யா.

“சும்மா இருடி, அது கடையில ஒட்டுன வாசம்.”

“ஆணிக் கடையில பிஸ்தாவா?”

வஜீஹ் முறைத்தான். “எங்க, நீ கையை விடு பாப்போம்.”

“நான் சமைக்கிறவ!”

“இன்னிக்கு நோன்பு திறக்கப் போறது எங்கம்மா வீட்ல. நீ அடுப்பே பத்தவைக்கலையே?”

துரய்யாவின் கை மெல்ல முதுகுக்குப் பின்னால் போனது.