இரண்டு நாள் அடைப்பு

இதனால் தேனி கடைவீதி மக்களுக்கும், அவர்கள் வீட்டுக் கதவு, ஜன்னல், கொல்லைக் குழாய் யாவற்றுக்கும் அறிவிப்பது என்னவென்றால், தவிர்க்க முடியாத காரணத்தால் ஞானசிகாமணி ஹார்டுவேர்ஸ் செவ்வாய், புதன் இரண்டு நாள் அடைத்திருக்கும்.

மார்க்கரால் எழுதி ஷட்டரில் ஒட்டியிருந்த இந்த அட்டையைப் படிக்க எதிர்ச்சாரி டீக்கடையிலிருந்து நாலு பேர் கையில் கிளாஸோடு இறங்கி வந்தார்கள். வரத்தானே செய்வார்கள். முப்பத்தொரு வருடத்தில் ஞாயிறு, பெரிய வெள்ளி, கிறிஸ்துமஸ் தவிர வேறெதற்கும் அந்த ஷட்டர் இறங்கியதில்லை. கல்யாணத்தன்று சாயங்காலமே மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வந்து பெயிண்ட் விற்றவர் ஞானசிகாமணி. மாமனாரை அடக்கம் செய்த அன்று மூன்று மணிக்கெல்லாம் கல்லாவில் இருந்தார். அடக்கத்துக்கு வந்த ஒருவர் அப்படியே கடையில் ஏறி ஒரு பூட்டும் வாங்கிக்கொண்டு பஸ் பிடித்தார்.

தவிர்க்க முடியாத காரணம் என்னவென்று ஞானசிகாமணிக்குத் தெரியும். மதுரை டாக்டருக்குத் தெரியும். வெளிநாட்டில், பெர்த்தில் இருக்கும் மகள் பிரின்சிக்குத் தெரியும். யார் வயிற்றில் அது இருந்ததோ அவளுக்கு மட்டும் தெரியாது. அவர் மனைவி ஜெபராணி எடை பார்க்கப் போன ஐந்து நிமிடத்தில், டாக்டர் ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்து, கணையம், பரவிவிட்டது, இனிக் கத்தி வைத்துப் பிரயோசனமில்லை என்று சொல்லி முடித்துவிட்டார். அவள் உள்ளே வந்ததும் இரண்டு ஆண்களும் ஒரே குரலில் அல்சர் என்றார்கள். நம் ஊரில் நோய் நோயாளிக்குச் சொந்தமில்லை, அது குடும்பச் சொத்து. பங்காளிகள் எல்லோரும் பார்த்துக் கண்ணீர் விட்டபிறகு, மிச்சம் மீதி இருந்தால் உரியவர் கைக்கு வரும்.

ஏற்பாடு பிரின்சியுடையது. "நாலு சொவத்துக்குள்ள வச்சு சொல்லாதீகப்பா. மரஞ்செடிக்கு நடுவுல, அமைதியான எடத்துல வச்சுச் சொன்னா அம்மா தாங்கிக்கிருவாக" என்று போனில் அழுதாள். அழுகை ஓய்வதற்குள் புக் செய்து ரசீதும் அனுப்பிவிட்டாள்.

காமயகவுண்டன்பட்டிக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருந்தது அந்த வில்லா. 'கைகள் நெய்த கானக இல்லம்' என்று வாசலில் பலகை. கானகத்துக்கு வயது ஐந்து. அதற்கு முன் அது எட்டு ஏக்கர் திராட்சைத் தோட்டம். வாழையும் மூங்கிலும் பெயர் தெரியாத பெரிய இலைகளும் சொட்டுநீர்க் குழாயைக் குடித்துக்கொண்டு காடாக வளர்ந்திருந்தன. மேனேஜர் வினோத்ராஜ் வெறுங்காலோடு வந்து நெஞ்சில் கை வைத்துக் குனிந்தார். மண்கலயத்தில் நன்னாரி சர்பத் கொடுத்து, அதற்கு ஒரு சமஸ்கிருதப் பெயரும் சொன்னார்.

"இங்க எல்லாமே ஹேண்ட்மேட் சார். ஒரு ஆணிகூட மெஷின்ல வந்தது கெடையாது. அந்தக் கல்தூண்களப் பாருங்க, அவ்வளவு பழசு. அமைதியா உக்காந்தா அதுங்க நம்மகிட்டப் பேசும்."

பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்த மலையம்மாளுக்கு மண் நிறத்தில் சீருடைச் சேலை. மேனேஜர் தலை மறைந்ததும் அவள் சொன்னாள்: "திராட்சப் பந்தல் காலு சார் அது. இங்கன நான் பதினாறு வருசம் பழம் வெட்டுனேன். அப்பல்லாம் அது ஒண்ணும் பேசாது."

ஜெபராணி சிரித்தாள். சிரித்ததும் வலித்திருக்க வேண்டும். பக்கவாட்டில் கையை வைத்துக்கொண்டாள். வளையல் முழங்கை வரை நழுவி ஓடியது. ஞானசிகாமணி தூணைப் பார்த்தார்.

அவர் சொல்ல வேண்டியது ஒரு வாக்கியம். அதைக் காரிலேயே சொல்லிவிடுவதாக இருந்தார். சின்னமனூரில் வாய் திறந்தபோது முன்னால் ஒரு வைக்கோல் லாரி. உத்தமபாளையத்தில் அவள் தூங்கிப்போனாள். சாப்பாட்டு நேரத்தில் சொல்லலாம் என்றால், ஒவ்வொரு கூட்டுக்கும் அதன் வாழ்க்கை வரலாற்றைச் சொல்ல ஒருவர் பக்கத்திலேயே நின்றார். அவள் இரண்டு வாய் சோறு தின்றுவிட்டு இலையை மூடினாள். மத்தியானம் குளியலறையைப் பார்த்துவிட்டு வந்து, "கூரையே இல்லங்க. கட்டுறப்ப ஓடு பத்தாமப் போச்சோ" என்றாள். அப்போதும் சொல்லியிருக்கலாம். அவர் கதவை ஆராய்ந்துகொண்டிருந்தார். முப்பத்தொரு வருடம் கதவுச் சாமான் விற்ற மனுஷன், மனைவியின் முகத்தைப் பார்க்க முடியாதபோது வேறு எதைப் பார்ப்பார்?

பட்டறையில் கொல்லர் கையால் அடித்தது என்று மேனேஜர் தடவிக் காட்டிய கீல் அது. ஞானசிகாமணி கட்டைவிரல் நகத்தால் துருவைச் சுரண்டினார். அடியில் அவர் கடையில் விற்கும் கம்பெனியின் முத்திரை தெரிந்தது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு இருவரும் நீச்சல் குளத்தைப் பார்த்தபடி வெளியில் உட்கார்ந்திருந்தார்கள். மலை பக்கத்தில் இருந்தது. வெயில் அதற்குப் பின்னால் போய்விட்டது.

"ராணி, அந்தக் கீலு நம்ம கடைச் சரக்கு. இதக் கட்டுறப்ப கோட்டைச்சாமி மேஸ்திரி பெட்டியோட வாங்கிட்டுப் போனாரு. உப்புத் தண்ணில ஊறப் போட்டுத் துருப்பிடிக்க வச்சிருக்கானுக. கைவேலையாம்."

"ஏங்க, கடைய எதுக்கு அடைச்சீக?"

"பிரின்சி புக் பண்ணிருச்சுல்ல. நாமளும் எங்கிட்டுப் போயிருக்கோம்."

"எங்கப்பாவ எடுத்தன்னைக்கே மூணு மணிக்குத் தொறந்தீக." அவள் குரலில் குறை இல்லை. நேற்று மழை பெய்தது என்று சொல்வதுபோலச் சொன்னாள். "காலைல ஷட்டர்ல அட்டையப் பாத்தேன். அப்பவே வெளங்கிருச்சு. அல்சருக்கெல்லாம் கடைய அடைக்கிற ஆளா நீங்க?"

ஞானசிகாமணி எல்லாவற்றையும் யோசித்திருந்தார். ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கடையில் தாழ்ப்பாள் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தார். வீடியோ காலில் அழக்கூடாது என்று மகளுக்குச் சத்தியம் வாங்கியிருந்தார். மாத்திரை உறையில் இருந்த பெயரைப் பேனாவால் அடித்திருந்தார். ஷட்டரை மட்டும் யோசிக்கவில்லை. அவள் மேல் வைத்திருந்த பிரியத்தை முப்பத்தொரு வருடத்தில் முதல்முறையாக வெளியில் காட்டினார். அதுவே மரணச் செய்தியாகப் போய்ச் சேர்ந்தது.

"எம்புட்டு நாளு சொன்னாக?"

அவர் மலையைப் பார்த்தே சொன்னார். "கிறிஸ்துமஸ் வரைக்கும். அதுக்கு மேல அவரு எதுவும் சொல்லல."

"பிரின்சி எப்ப வாரா?"

"கிறிஸ்துமஸுக்குத்தான் டிக்கட்டு."

"முன்னாடியே வரச் சொல்லுங்க. கிறிஸ்துமஸுக்குன்னு ஒருக்க, என்னைய எடுக்கறதுக்குன்னு ஒருக்கன்னா ஆபீஸ்ல லீவு குடுக்க மாட்டாக."

ஞானசிகாமணி அழுதிருப்பார். அதற்குள் வினோத்ராஜ் பித்தளைத் தட்டோடு வந்துவிட்டார். தட்டில் இரண்டு அரச இலை, ஒரு பேனா.

"சார், மேடம், இது எங்களோட அஸ்தமனச் சடங்கு. மனசுல இருக்கற ஒரு பாரத்த இந்த இலைல எழுதி ஓடைல விட்டுருங்க. காடு அத எடுத்துக்கும்."

போடா அங்கிட்டு என்று சொல்ல ஞானசிகாமணி வாயெடுத்தார். ஜெபராணி முந்திக்கொண்டு பேனாவை வாங்கினாள். கண்ணாடி இல்லாததால் இலையைத் தள்ளிப் பிடித்து, வேதபாடப் பிள்ளைகளுக்கு எழுதிப் போடுவதுபோல ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். பிறகு அதைப் புருஷனிடம் நீட்டினாள்.

'நாளைக்குக் கடை உண்டு.'

அவர் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவள் குனிய முடியாமல், நின்றபடியே இலையை ஓடையில் போட்டாள். ஓடை மோட்டாரில் ஓடுவது. இலை இரண்டு சுற்றுச் சுற்றி, வளைவில் இருந்த ஃபில்டர் வலையில் ஒட்டிக்கொண்டது. மலையம்மாள் ஒரு குச்சியோடு வந்து அதை எடுத்து வாளியில் போட்டாள்.

விடிந்ததும் கிளம்பிவிட்டார்கள். கருத்து எழுதும் நோட்டை வினோத்ராஜ் காரின் ஜன்னல் வரை கொண்டுவந்தார். 'குளியலறைக் கதவுக் கீலுக்கு எண்ணெய் விடவும்' என்று எழுதி ஞானசிகாமணி கையெழுத்துப் போட்டார்.

கடை வாசலில் அட்டையை ஜெபராணிதான் உரித்தாள். பசை விடவில்லை, 'தவிர்க்க முடியாத' என்ற பாதி ஷட்டரிலேயே தங்கி, ஷட்டரோடு சுருண்டு மேலே போனது. அவள் தராசுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

முதல் வியாபாரம் ஒன்றரை இஞ்ச் ஆணி, அரை கிலோ.