முட்டை அட்டையில் ஒரு காலிக் குழி

எனக்குக் கோவம் வந்தா நான் கத்த மாட்டேன். கத்துறது எனக்க மாமியாருக்க வேலை. நான் கையில கிட்டுற சாதனத்தை ஒளிச்சு வைப்பேன். கல்யாணம் ஆன புதுசுல அவருக்க பாஸ்போர்ட்டையே அரிசிப் பானைக்குள்ள போட்டவ நான். ஆனா எதையும் ஒரு மணிக்கூருக்குள்ள எடுத்துக் குடுத்துருவேன், ரெண்டு பேரும் சிரிச்சிருவோம். இந்த நட்டுக்க கதை அப்படி முடியல்ல.

எனக்க பேரு ஷெர்லி. ஊரு அருமனைக்குப் பக்கம். வீட்டுக்காரரு ஷிஜின் சார்ஜாவுல ஏசி மெக்கானிக்கா இருந்தாரு. கம்பெனி பூட்டிப் போச்சு, ஊருக்கு வந்தாரு. அடுத்த விசா வாற வரைக்கும் சும்மா இருக்க முடியாதுன்னு ஒரு பழைய யமஹாவைக் கொண்டு வந்து முற்றத்தில போட்டாரு. திருவட்டாறுல ஒருத்தரு ரப்பர் பால் கேன் கெட்டிக் கொண்டு போன வண்டியாம். பாத்தா சவம் மாதிரி கெடந்துது. இதைக் கஃபே ரேசர் ஆக்கப் போறேன்னாரு. அப்படின்னா என்ன எளவுன்னு கேட்டேன். போன்ல படம் காட்டினாரு. ஹேண்டில் தாழ்ந்து, டேங்க் நீண்டு, வண்டிக்க மேல கவுந்து படுத்துக்கிட்டு ஓட்டணும். கொள்ளாமே, நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிட்டேன். படத்தில சீட்டை மட்டும் நான் கவனிக்கல்ல.

பொறவு நாலு மாசம், வீட்டுக்குப் பின்னால ரப்பர் ஷீட் அடிக்கிற ரோலர் கெடக்கிற ஷெட்டுலதான் எங்களுக்க வாழ்க்கை. வண்டியை அக்கு அக்காக் கழற்றினோம். நட்டும் போல்ட்டும் கலந்துறப்படாதுன்னு முட்டை அட்டை கொண்டு வந்தது நான். முப்பது குழி உள்ள அட்டை மூணு. ஒவ்வொரு குழியிலயும் பேனாவால எழுதினேன். கிளட்ச் கவர், செயின் கார்டு, பின் பிரேக் கம்பின்னு. கழற்றினது அந்தந்தக் குழியில போவணும், மாட்டினா குழி காலியாவணும். "குழி காலின்னா அங்க வேலை முடிஞ்சுது, கண்ண மூடிட்டு நம்பலாம்"னு சட்டம் போட்டதும் நான்தான். அவரு முதல்ல கேலி பண்ணினாரு. போவப் போவ அவருக்கே அது பழகிப் போச்சு. ஸ்பேனரைத் தொடுறதுக்கு முன்னால அட்டையைத்தான் பாப்பாரு.

டேங்குக்குள்ள சரல் கல்லு போட்டுக் குலுக்கித் துரு எடுத்தது நான். உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு நகம் தேஞ்சது எனக்கு. சோறு அள்ளினா மண்ணெண்ணெய் வாடை அடிக்கும். ஆனா சத்தியமாச் சொல்லுறேன், எனக்கு அது ரொம்ப இஷ்டமா இருந்துது. கல்யாணமாயி ஆறு வருஷம், வருஷத்துக்கு ஒரு மாசம்தான் அவரு லீவுல வருவாரு. அந்த ஒரு மாசமும் சொந்தக்காரங்க வீடு, கல்யாணம், சாவு அடியந்திரம்னு போயிரும். அவரு என்கூட அடுத்தடுத்து நாலு நாளு பேசினதே அந்த ஷெட்டுக்குள்ளதான்.

அப்படி இருக்கும்போது ஒரு சனிக்கிழமை மத்தியானம் சீட்டு வந்துது. நாகர்கோவில்ல தைக்கக் குடுத்திருந்தாரு. கறுப்பு ரெக்சின், ஒரு ஆளு இருக்கிற நீளம், அதுக்குப் பின்னால ஒரு கூனு.

"நான் எங்க இருக்கணும்?"னு கேட்டேன்.

"ஏட்டி, கஃபே ரேசர்னா ஒத்த சீட்டுதான். ரெண்டு ஆளுக்குப் போட்டா அதுக்க ஷேப்பே போச்சு."

"ஓ பின்ன! தேய்க்க ரெண்டு ஆளு, ஏறிப் போவ ஒத்த ஆளு."

"உனக்குத்தான் ஸ்கூட்டி கெடக்குல்லா?"

அந்தச் சொல்லுதான் எனக்கு நெஞ்சுல குத்திச்சு. அதோட விட்டாரா? நாளைக்குக் காலத்த திற்பரப்புல கூட்டாளிமாரு ஒக்க வாறானுவ, முதல் ஓட்டம் அங்கதான், பத்து மணிக்குள்ள வந்துருவேன்னாரு. வாறியான்னு ஒரு பேச்சுக்குக் கூடக் கேக்கல்ல.

அப்பம் டேங்கும் சீட்டும் போவ மிச்சம் இருந்த வேலை பின் பிரேக் கம்பி மட்டும்தான். பின் சக்கரத்துக்க பிரேக் டிரம் தட்டு சுத்திறாம வண்டியோட சேத்துப் புடிச்சு நிறுத்துற கம்பி அது. போல்ட்டை அவரு உள்ள தள்ளி விட்டாரு. "நட்டைப் போட்டு முறுக்கிப் பின்னு குத்தி விடு. பெயிண்டர்கிட்ட போய் டேங்கை எடுத்துட்டு வாறேன்"னு கிளம்பிப் போனாரு.

நான் நட்டையும் பின்னையும் குழியில இருந்து எடுத்தேன். கையில வச்சுக்கிட்டு அந்தக் கூனைப் பாத்தேன். நேரா அடுக்களைக்குப் போய் மல்லி டப்பாவுக்குள்ள போட்டு மூடிட்டேன். எனக்க கணக்கு இதுதான்: காலத்த எழும்பி நட்டைத் தேடுவாரு, கிட்டாது, எனக்க முன்னால வந்து நிப்பாரு, நான் அந்தச் சீட்டைப் பத்தி ரெண்டு கேள்வி கேப்பேன். அவரு வந்து டேங்கையும் சீட்டையும் மாட்டும்போது நான் முகத்தைத் திருப்பிக்கிட்டு மீன் கழுவிக்கிட்டு இருந்தேன்.

ஞாயித்துக்கிழமை அவரு எழும்புறதுக்கு முன்னாலயே சர்ச்சுல முதல் பூசைக்குப் போயிட்டேன். சாமியாரு பிரசங்கம் வச்சதில ஒரு சொல்லு கூட எனக்க காதுல ஏறல்ல. இப்பம் தேடுவாரு, இப்பம் போன் பண்ணுவாருன்னு உள்ளுக்குள்ள ஒரே சிரிப்பு. போன் வரல்ல. அப்பவும் எனக்கு உறைக்கல்ல.

எட்டரைக்கு வீட்டுக்கு வந்தா ஷெட்டு காலி. புகை வாடை மட்டும் நிக்குது. ரோலருக்க மேல முட்டை அட்டை மூணும் ஒண்ணுக்க மேல ஒண்ணா அடுக்கி இருந்துது. தொண்ணூறு குழியும் காலி. அடுக்களைக்கு ஓடி மல்லி டப்பாவைத் தரையில கொட்டினேன். நட்டும் பின்னும் அதுல கெடக்கு.

போன் போட்டேன். ரிங் போவுது, எடுக்கல்ல. அஞ்சு தடவை போட்டேன். பொறவு ஜங்ஷன்ல ஒர்க்ஷாப்பு வச்சிருக்கிற பொன்னுலிங்கம் அண்ணனுக்குப் போட்டேன். அவருதான் இந்த வண்டிக்க எஞ்சினுக்குப் போரிங் பண்ணிக் குடுத்தவரு. ஒளிச்சு வச்ச காரியத்தைச் சொல்ல நாக்கு வரல்ல. பின் பிரேக் கம்பி நட்டு வீட்டுல கெடக்கு, அவரு வண்டியில போயிட்டாருன்னு மட்டும் சொன்னேன்.

அண்ணன் உடனே, "போல்ட்டு கெடக்கா?"ன்னு கேட்டாரு.

"போல்ட்டு கம்பியில இருக்கு அண்ணே. நட்டுதான் இல்ல."

"அப்பம் அது அதிர்ந்து அதிர்ந்து வெளிய வரும். முழுசா வந்த பொறவு பின் பிரேக்கைக் காலால சவுட்டினா டிரம் தட்டு சக்கரத்தோட சுத்தும், சக்கரம் இறுகிரும். ஆளைத் தூக்கி எறியும் மக்கா."

"நான் போன் போட்டுக்கிட்டே இருக்கேன் அண்ணே..."

"போடாத பிள்ளே! பாக்கெட்டுல போன் அதிர்ந்தா எடுக்கதுக்குன்னு பிரேக் போடுவான். நீ வண்டியில போ. ஆளைக் கண்டா கையைக் காட்டிராத, ஒன்னக் கண்டாலும் சவுட்டிருவான். ஏத்தத்தில வச்சு நிறுத்து. ஏத்தம்னா ஆக்சிலேட்டரை விட்டாலே நிக்கும்."

ஏற்கெனவே அஞ்சு தடவை போன் போட்டாச்சே மாதாவே! நட்டையும் பின்னையும் கைக்குள்ள வச்சு, ஒரு ஸ்பேனரும் பிளையரும் தூக்கி ஸ்கூட்டிக்குள்ள போட்டுக்கிட்டு, பூசைக்கு உடுத்த சாரியோட திற்பரப்புக்குப் போற களியல் ரோட்டுல இறங்கினேன். ஒவ்வொரு வளைவிலயும் எனக்கு உயிரு போயிப் போயி வந்துது. ஒரு இடத்துல ரோட்டோரம் ஆளு கூடி நிக்குது. ஸ்கூட்டியை நிறுத்தாமலே எட்டிப் பாத்தேன். அன்னாசிப்பழம் விக்கிறானுவ. எனக்கு அங்கயே அழுகை வந்துது.

அதுக்கு அப்பால ஒரு இறக்கம். இறக்கத்துக்கு அடியில சின்னப் பாலம், பாலத்துக்கு இந்தப் பக்கம் வெயிட்டிங் ஷெட்டு. அங்க வந்ததும் கேட்டுது அந்தச் சத்தம். நாலு மாசம் கேட்ட சத்தம், எனக்குத் தெரியாதா? அவரு திரும்பி வாறாரு. எனக்கு எதிர, பாலத்துக்கு அந்தப் பக்கத்து இறக்கத்தில வாறாரு.

கையைத் தூக்கப் போனேன். தூக்கின கையை அப்படியே இறக்கினேன். என்னக் கண்டா சவுட்டிருவாரு. ஸ்கூட்டியை வெயிட்டிங் ஷெட்டுக்குப் பின்னால தள்ளிக்கிட்டுப் போய், அதுக்கு மறவுல குத்த வச்சு இருந்தேன். சொந்தப் புருஷன் சாவ வாறதைக் கண்டுட்டு ஒளிஞ்சு இருக்கேன். ஒளிக்கதுக்குத்தானே எனக்குத் தெரியும்!

அந்த நேரம் பாத்து ஒரு பலாச்சக்கை ஏத்தின டெம்போ பக்கத்து இடவழியில இருந்து பின்னோக்கி ரோட்டுல ஏறுது. நான் புறங்கையைக் கடிச்சேன். அவரு சவுட்டினாரு. வண்டிக்க வாலு ஒரு தடவை இடத்தோட்டு வெட்டிச்சு, அப்புறம் வலத்தோட்டு. மாதாவே, மாதாவே, மாதாவே. நேரானது. டெம்போவுக்க பின்னால ஒரு சாண் இடத்துல நுழைஞ்சு பாலத்தைக் கடந்து எனக்க முன்னாலயே போனாரு. ஹெல்மெட்டுக்குள்ள சிரிச்சுக்கிட்டுத்தான் போயிருப்பாரு. அவருக்கு அது ஒரு விளையாட்டு.

பாலம் தாண்டினா அருமனைப் பக்கம் ஏத்தம். ஸ்கூட்டியைத் திருப்பி முறுக்கினேன். ஹாரனை அமுக்கின கையை எடுக்கல்ல. ஏத்தத்துக்கு நடுவுல அவரு கண்ணாடியில என்னப் பாத்துட்டு வேகத்தைக் குறைச்சாரு. வண்டி தானே தளர்ந்து நின்னுது. காலை ஊனிக்கிட்டு முன் பிரேக்கைப் புடிச்சாரு. நான் ஸ்கூட்டியைச் சாச்சுப் போட்டுட்டு ஓடிப் போய் அவருக்க கால் பக்கம் முட்டுக் குத்தினேன்.

போல்ட்டு முக்கால்வாசி வெளிய வந்து நிக்குது. இன்னும் ஒரு விரல் நகம் அளவுதான் உள்ள இருந்துது.

"என்னட்டி இது? பூசைக்குப் போனவ நீ..." அவரு ஹெல்மெட்டைக் கழற்றிக்கிட்டே குனிஞ்சாரு. போல்ட்டைப் பாத்தாரு. வண்டியை ஸ்டாண்டுல போட்டாரு. தொப்புன்னு ரோட்டுலயே இருந்துட்டாரு. "நட்டு அதிர்ந்து எங்கயோ விழுந்திருக்கும்"னு அவரே சொன்னாரு. "உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அவரே பொய்யை எடுத்து எனக்க கையில தந்துட்டாரு. ஷெட்டுல கெடந்துதுன்னு ஒரு வார்த்தை போதும். மறந்துட்டேன்னு சொன்னாலும் போதும், ஏசிட்டு விட்டுருவாரு. நான் கையை விரிச்சேன். நட்டுல மல்லிப்பொடி ஒட்டி இருந்துது.

"நேத்து நான்தான் ஒளிச்சு வச்சேன். அந்தச் சீட்டைக் கண்ட கோவத்துல. காலத்த தேடுவீங்கன்னு நெனைச்சேன்."

அவரு ஏசல்ல. அடிச்சிருந்தா கூட எனக்கு ஆறியிருக்கும். நட்டையும் பின்னையும் வாங்கினாரு, சட்டையில தொடைச்சாரு, போல்ட்டை உள்ள தள்ளி முறுக்கினாரு. பின்னு குத்தும்போது ரெண்டு தடவை கீழ போட்டாரு. மூணாவது தடவை குத்திட்டு, சக்கரத்தைப் பாத்துக்கிட்டே சொன்னாரு: "நான் அட்டையைப் பாத்தேன் ஷெர்லி. குழி காலியா இருந்துது."

அதுக்குப் பொறவு அதைப் பத்தி ஒரு சொல்லு பேசல்ல. மாமியாருகிட்டயும் சொல்லல்ல, கூட்டாளிமாருகிட்டயும் சொல்லல்ல. ரெண்டு வாரத்துக்குள்ள அந்தக் கூனை வெட்டிக் களைஞ்சிட்டு, ரெண்டு ஆளு இருக்கிற சீட்டு தைச்சுப் போட்டாரு. நான் கேக்கக்கூட இல்ல. ஷேப்பு போச்சுன்னு கூட்டாளிமாரு சிரிச்சதுக்கு, எனக்கு இதுதான் வசதின்னு சொன்னாராம்.

போன ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் அதுலதான் பூசைக்குப் போனோம். நான் ஏறப் போனேன். "நில்லு"ன்னாரு. குனிஞ்சு முன் சக்கரத்தில இருந்து தொடங்கி, ஒவ்வொரு நட்டையா விரலால தொட்டுப் பாத்தாரு.

"நேத்தே நட்டு ஒக்க நான் முறுக்கிப் பாத்தாச்சு"ன்னேன்.

"சரி"ன்னாரு. ஆனா விரலை எடுக்கல்ல. பின் பிரேக் கம்பிகிட்ட வந்து ரெண்டு தடவை திருகிப் பாத்தாரு. அவரு முடிக்கிற வரைக்கும் நான் ஹெல்மெட்டைக் கையில வச்சுக்கிட்டு அங்கயே நின்னேன்.