தையல் அறைக்கு ஓர் ஓட்டு

தீ எச்சரிக்கை மணி அலறியதும் ஐந்து மாடி ஆட்களும் தடதடவென்று படியிறங்கி வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஒருவர் தலையில் ஷாம்பு நுரை. ஒருவர் கையில் பூனைக்குப் பதிலாகப் பூனையின் கூடை மட்டும். தீ எங்கேயும் இல்லை. லிஃப்டுக்குப் பக்கத்து அறையில் டெய்லரக்கா ஒரு கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அந்த ஆவிதான் மேலே போய் மணியைக் கிளப்பிவிட்டது. இந்த மாதத்தில் இது மூன்றாவது முறை.

குடியிருப்புச் சங்கச் செயலாளர் வாயைத் திறக்கவில்லை. கைபேசியைத்தான் திறந்தார். குடியிருப்புக்கென்று இருக்கும் இணைய மன்றத்தில் அடுத்த ஐந்தாவது நிமிடம் ஒரு வாக்கெடுப்பு முளைத்தது. தையல் அறையை மூட வேண்டும். தையல் அறை தொடரலாம். வீட்டுக்கு ஒரு ஓட்டு. ஞாயிறு மாலை ஆறு மணியோடு முடிவு.

டெய்லரக்காவும் மூன்றாம் மாடியில் குடியிருப்பவள்தான். அவளுக்கும் மன்றத்தில் ஒரு கணக்கு இருந்தது, தண்ணீர் வராத நாட்களில் மட்டும் எட்டிப்பார்ப்பாள். பதினோரு வருடமாக அந்த அறைதான் அவள் பிழைப்பு. இன்னொரு கடைக்கு முன்பணம் கட்டவெல்லாம் அவளால் ஆகாது. ஆனாலும் அவள் கலங்கவில்லை. இந்தக் கட்டடத்தில் அவள் அளவெடுக்காத இடுப்பு எது?

எத்தனை பேர் தன் பக்கம் என்று பார்த்துவிடலாமென்று உடனே மன்றத்தைத் திறந்தாள். ஓட்டுப் போட்டால்தான் முடிவைக் காட்டுவேன் என்றது திரை. சும்மா பார்ப்பதற்குத்தானே என்று மேலே இருந்த வரியைத் தொட்டு, 'வாக்களி' என்ற பொத்தானையும் அமுக்கினாள். முடிவு வந்தது. மூட வேண்டும், ஒன்று. தொடரலாம், பூஜ்யம்.

அதற்குள் ஒரு புண்ணியவான் வேலையைக் காட்டிவிட்டானா என்று அவளுக்குச் சுர்ரென்றது.

மறுநாள் மதியம், இரண்டாம் மாடியில் குடியிருக்கும் நாத்தனார் மருந்துக்கடை வேலை முடிந்து வந்தபோது, டெய்லரக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கைபேசியை நீட்டினாள். வாக்கெடுப்புக்கு அடியில் இருபத்திரண்டு பதில்கள். நம்ம அக்கா போகக் கூடாது, என் முழு ஆதரவு, கட்டைவிரல், பூங்கொத்து. ஜெயித்தாயிற்று என்றாள்.

நாத்தனார் திரையை மேலே தள்ளி எண்ணைக் காட்டினாள். மூட வேண்டும், ஒன்பது. தொடரலாம், நான்கு.

"அண்ணி, கீழ எழுதறதெல்லாம் பேச்சு. மேல அமுக்கறதுதான் ஓட்டு. இந்த இருபத்திரண்டு பேரும் வாயால போட்டுட்டுப் போயிருக்காங்க."

பிறகு வரி வரியாகச் சொல்லிக்கொடுத்தாள். வரியைத் தொட்டால் பக்கத்தில் ஒரு புள்ளி வரும், அது பாதிதான். கீழே 'வாக்களி' அமுக்கினால்தான் முழுசு. தவறாகப் போட்டால் பயமில்லை, ஆறு மணிவரை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். நீங்கள் போட்டாயிற்றா என்று கேட்டதற்கு, முதல் நாளே அமுக்கிவிட்டேன் என்றாள் டெய்லரக்கா பெருமையாக. எந்தப் பக்கம் என்று நாத்தனார் கேட்கவில்லை. அதையெல்லாம் யார் கேட்பார்கள்?

அன்றிலிருந்து தையல் அறை பள்ளிக்கூடமாயிற்று. ரவிக்கை அளவுக்கு வந்தவர்கள் கையைத் தூக்கியபடியே மறு கையால் ஓட்டுப் போடக் கற்றார்கள். ஐந்தாம் மாடி ஓவிய ஆசிரியை புள்ளியோடு நிறுத்தியிருந்தாள். வாடகைக் கார் ஓட்டுபவர் பூங்கொத்து அனுப்பியதையே ஓட்டு என்று நம்பி, வீட்டில் சத்தியமே செய்திருந்தார். டெய்லரக்கா மேலும் கீழும் ஏறி இறங்கினாள். கழுத்தில் அளவுநாடா, கையில் கைபேசி. தொடு, அமுக்கு, எண் ஏறியதா பார். அவ்வளவுதான் பாடம். எந்த வரியைத் தொட வேண்டும் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை, அதைச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? நடுவில் இஸ்திரி மேசையையும் ஜன்னலோரம் தள்ளிப்போட்டாள். அதன்பிறகு மணி ஒருமுறைகூட அடிக்கவில்லை.

எண் ஏறிக்கொண்டேதான் இருந்தது. ஆனால் எதிர்ப்பக்கமும் சளைக்கவில்லை. அது மட்டும்தான் அவளுக்குப் புரியவில்லை. நேரில் பார்க்கிற முகமெல்லாம் சிரிக்கிறது. பிறகு யார் அமுக்குகிறார்கள்? எல்லாம் அந்த முதல் ஆள் காட்டிய வழி என்று முடிவுகட்டினாள்.

"அவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும். சட்டைக் கழுத்தை ஒரு இஞ்ச் குறைச்சுத் தெச்சுக் கொடுக்கறேன். ஆயுசு முழுக்க என்னை நினைச்சுக்கிட்டே பட்டன் போடட்டும்."

ஞாயிறு ஐந்தே முக்கால். மூட வேண்டும், பதினேழு. தொடரலாம், பதினாறு. அவள் போகாத வீடு ஒன்றே ஒன்று, நான்காம் மாடி பல் டாக்டர் வீடு. வெளியூர் போயிருந்தவர் அப்போதுதான் திரும்பியிருந்தார். அவருடைய வெள்ளைக் கோட்டுகள் எல்லாம் அவள் தைத்தவை. இந்த ஓட்டு தன் பையில் இருக்கிறது என்ற நிச்சயத்தோடு மணியை அடித்தாள்.

கதவைத் திறந்தவரிடம், ஓட்டுப் போடுவது ஒன்றும் கஷ்டமில்லை, நானே காட்டித்தருகிறேன் என்று கைபேசியை நீட்டினாள். அவர் சங்கடமாகச் சிரித்தார். வெள்ளிக்கிழமையே போட்டாயிற்று என்றார்.

"தொடரலாம்னுதானே டாக்டர்?"

"இல்லக்கா. மூடணும்னு."

அவள் கை தன்னால் அளவுநாடாவைப் பிடித்துக்கொண்டது. என் தையலில் என்ன குறை கண்டீர்கள், நேராகச் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன் என்றாள். குரல் கொஞ்சமும் இறங்கவில்லை.

டாக்டர் அவளை விநோதமாகப் பார்த்தார். அவள் கையிலிருந்த கைபேசியை வாங்கி, பதினேழு என்ற எண்ணின் மேல் விரலை வைத்தார். பெயர்கள் வரிசையாக விரிந்தன. அப்படி ஒரு வித்தை இருப்பது நாத்தனாருக்கே தெரியாது. மணி ஆறாக இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

"முதல் பேரே உங்களோடதுதானேக்கா. நீங்களே கிளம்ப முடிவு பண்ணிட்டீங்கன்னு நினைச்சுத்தான் நாங்க எல்லாரும் அதையே அமுக்கினோம்."