பூச்சி விழும் வெளிச்சம்

இரவு பத்து இருபதுக்கு டவுன் பஸ் கேத்ரினைத் தெரு முக்கில் இறக்கிவிட்டுப் போனது. இராஜபாளையம் பேண்டேஜ் கம்பெனியில் அவளுக்கு இரண்டாவது ஷிப்ட். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், தறிக்காரர் தெருவின் மறுமுனையில். நடந்தால் ஆறு நிமிடம்.

பென்சன் அவள் கணவன்; லாரி ஓட்டுகிறான். கூட்டிப்போக வர முடியாது. தெருவிளக்கு வராவிட்டால் வேலையை விட்டுவிடு என்று சொல்லியிருந்தான். அவள் வீடுவீடாகக் கையெழுத்து வாங்கி நகராட்சி ஆபீசில் மனுக் கொடுத்தாள். பத்து நாளுக்கு முன் ஐந்து கம்பங்களிலும் வெள்ளை விளக்கு வந்தது.

இப்போது எல்லாம் தெரிந்தது. சுவரில் கிழிந்த போஸ்டர், சாக்கடை மூடி, நாய், தன் நிழல். ஆள்தான் இல்லை.

இருட்டாக இருந்தபோது இரண்டு பக்கமும் பெண்கள் வாசலில் ராட்டை போட்டு, சின்ன பல்பு ஒன்றை எரியவிட்டு, தறிக்கு நூல் சுற்றிக்கொண்டிருப்பார்கள். பதினொரு மணிவரை பேச்சு. புது ஆண்பிள்ளை யாராவது நுழைந்தால் "யாருப்பா, யார் வீட்டுக்கு?" என்று ஒரு குரல் கேட்கும். புது விளக்குக்குப் பூச்சி வந்தது. நூலில் பூச்சி நசுங்கினால் கறை. எட்டு மணிக்கே கதவுகள் சாத்திக்கொண்டன.

மூன்றாவது கம்பத்தடியில் ஒருவன் பைக்கில் சாய்ந்து நின்றான். கையில் போன். நிமிர்ந்து அவளைப் பார்த்தான். மறுபடி போனைப் பார்த்தான்.

யாருக்காவது காத்திருக்கலாம். வெளிச்சத்தில்தானே நிற்கிறான். அவளும் வெளிச்சத்தில்தான் நின்றாள்.

பக்கத்துக் கதவைத் தட்டினாள்.

"யாரு?"

"நான்தான்க்கா, கேத்ரின்."

கதவு நான்கு விரல் அளவு திறந்தது. நூல் சுற்றும் வஞ்சுளவல்லி எட்டிப் பார்த்தாள்.

"என்னட்டி, மூஞ்சி இப்படி வேத்திருக்கு?"

"அங்க ஒருத்தன் நிக்கான்."

"நிக்கட்டும். நீ கேட்ட லைட்டு, அவனுக்கும் சேத்துத்தான் எரியுது."

"யாருன்னு கேளுங்கக்கா."

"வாசல்ல இருந்தா கேட்டிருப்பேன். உள்ள இருந்து கத்தவா? வெலகு, பூச்சி வருது. உன் தலையிலயே நாலு இருக்கு."

"பத்தரை வரைக்கும் வாசல்ல இருங்களேன். தெனமும் செத்த நேரம்."

"யாரு மாட்டேன்னா? உள்ள வெந்து சாவுதோம். இந்தக் கம்பத்து லைட்டை எல்லாம் அமத்தச் சொன்னா அம்புட்டுப் பேரும் வெளிய வந்துருவோம். நாளைக்கே ஆபீசுல சொல்லுதேன்."

கேத்ரினின் போன் அடித்தது. பென்சன்.

"எறங்கிட்டியா?"

"ம்."

"லைட்டு எரியுதா?"

"எரியுது."

"அப்பச் சரி. அது ஒரு நாள் எரியலைன்னாலும் சொல்லிரு. மறுநாள் வேலைக்குப் போவேண்டாம்."

போனை வைத்துவிட்டான். கேத்ரின் திரும்பிப் பார்த்தாள். பைக்கில் சாய்ந்திருந்தவன் இப்போது நிமிர்ந்து இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வஞ்சுளவல்லி கதவைப் பாதி சாத்தினாள்.

"சட்டுன்னு சொல்லுட்டி. அமத்தச் சொல்லவா, வேண்டாமா?"