நாற்காலிக்கு இரண்டு பக்கமும்

கூடத்தில் இருபது பேருக்குக் குறையாமல் உட்கார்ந்து ஞாயிற்றுக்கிழமைப் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நகைச்சுவைக் காட்சி ஒன்று வந்தது. எல்லோரும் குபீரென்று சிரித்தார்கள். சிரிப்பு அடங்கப்போகிற நேரத்தில்தான் நாற்காலியில் இருந்த கந்தப்பன் சிரித்தான். அதற்கு முன்னால் அவன் கண் டி.வி.யை விட்டுப் பக்கத்தில் இருந்தவர்களின் முகங்களில் அலைந்ததை, அடுப்படி வாசலில் நின்றிருந்த அவன் மனைவி வசந்தாமணி பார்த்துவிட்டாள்.

அடுத்த காட்சியிலும் அப்படியே நடந்தது. அவர்கள் முகம் சுருங்கினால் இவன் முகமும் சுருங்கியது. அவர்கள் உச்சுக்கொட்டினால் இவனும் உச்சுக்கொட்டினான். எல்லாம் ஒரு நொடி தாமதமாக.

எண்பத்தொன்பதாம் வருஷம் அது. நாமக்கல்லுக்கு மேற்கே இரண்டு மைல் தள்ளி, விவசாயக் காட்டுக்கு நடுவில் அவர்கள் வீடு. கந்தப்பன் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் தலைமை மேஸ்திரி. இருபத்திரண்டு வருஷமாகத் தகரத்தையும் மரத்தையும் சுத்தியலால் அறைந்துகொண்டிருப்பவன். வீட்டுப் பின்னாலிருந்த கோழிப்பண்ணை முழுக்க வசந்தாமணியின் பொறுப்பு. தீவனம் வாங்குவது, ஊசி போட ஆள் கூப்பிடுவது, முட்டை எடுக்க வருகிறவரிடம் விலை பேசுவது எல்லாம் அவள்தான். ஒரு காரியத்தில் முடிவெடுத்துவிட்டால் மறுபடி அதைப் புரட்டிப் பார்க்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

மறுநாள் காலையில் கந்தப்பன் வாசலைப் பார்த்து உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். வசந்தாமணி சத்தமில்லாமல் பின்னால் போய் நின்று, தணிந்த குரலில் சொன்னாள்.

"மாமா, உங்க தோள்ல பூரான் ஏறுதுங்க."

அவன் நிதானமாக இன்னொரு வாய் டீயை உறிஞ்சினான்.

வசந்தாமணி முன்னால் வந்து நின்று, "ஏனுங்க, காது சரியாக் கேக்கறதில்லீங்களா?" என்று உரக்கக் கேட்டாள்.

அவன் முகம் மாறிவிட்டது. "என்ற காதுக்கு என்ன கேடு? அந்த டி.வி. பொட்டிதான் சொத்தை. உள்ள இருக்கற ஸ்பீக்கரு கொட்டாங்குச்சி அளவு. அதுல எவனுக்குக் கேக்கும்?" என்று டம்ளரை வைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தான்.

வசந்தாமணி அவன் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பட்டறையில் பத்துப் பேரை மேய்க்கிறவன். காது மந்தம் என்று தெரிந்தால் பேச்சுக்குப் பேச்சு கேலி வரும் என்று பயப்படுகிறான். ஆனால் போகிறபோக்கில் அவனே ஒரு வழியையும் காட்டிவிட்டுப் போயிருந்தான். சரி, நோய் டி.வி.க்குத்தான் என்றால் டி.வி.க்கே வைத்தியம் பார்த்துவிடலாம்.

கந்தப்பனின் தம்பி சின்னண்ணன் லாரி ஓட்டுபவன். தன் வண்டியில் ஆறு ஸ்பீக்கர் மாட்டி வைத்திருப்பவன். நங்கையா என்று அவன் கூப்பிடுகிற அண்ணி கேட்டதும் அவனுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது.

"சேலத்துல ஒரு கடை இருக்குதுங்க நங்கையா. நாலு பக்கமும் நாலு பொட்டி. நடுவுல நாம உக்காந்தா சினிமாக் கொட்டாய் தோத்துப்போவும். வாங்க, கூட்டிட்டுப் போறன்."

முட்டைப் பணத்தில் எண்ணூறு ரூபாய் வரை போடலாம் என்று வசந்தாமணி மனதுக்குள் ஒரு கோடு கிழித்துக்கொண்டாள். இரண்டு பேரும் புதன்கிழமை காலை பஸ்ஸில் சேலம் போனார்கள்.

கடையில் விற்பனைக்காரர் காட்டிய பெட்டிகளைப் பார்த்ததும் சின்னண்ணன் வாயைப் பிளந்தான். இடுப்பு உயரத்துக்கு நின்றன. விற்பனைக்காரர் ஒரு கேசட்டைப் போட்டார். தாளம் நெஞ்சில் வந்து குத்தியது. கண்ணாடி அலமாரி அதிர்ந்தது.

"எப்புடிங்க?" என்றார் அவர் பெருமையோடு.

"பாட்டை நிறுத்துங்க. மத்தியானச் செய்தி வர்ற நேரம். ரேடியோவுல அதை வையுங்க" என்றாள் வசந்தாமணி.

"செய்தியா? செய்தி கேக்கறதுக்கு யாராச்சும் இந்த செட்டை வாங்குவாங்களா?"

"எனக்குப் பேச்சுத்தானுங்க கேக்கோணும்."

அவள் முந்தானை முடிச்சிலிருந்து பஞ்சை எடுத்தாள். இரண்டு உருண்டையாகத் திரட்டி இரண்டு காதிலும் நன்றாக அடைத்துக்கொண்டாள். பெட்டிகளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். கடைப் பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். சின்னண்ணனுக்கு எங்கே ஒளிவது என்று தெரியவில்லை.

செய்தி வந்தது. பெரிய பெட்டியில் ஓர் ஆள் பேசுகிறார் என்பது தெரிந்தது. என்ன பேசுகிறார் என்பது தெரியவில்லை. குடத்துக்குள் வாயை வைத்து யாரோ முனகுகிற மாதிரி இருந்தது. சத்தத்தைக் கூட்டச் சொன்னாள். முனகல் பெரிதானதே ஒழிய, ஒரு வார்த்தைகூடத் தெளியவில்லை. அடுத்த பெட்டியும் அப்படித்தான். கடைசியாக, மூலையில் தூசி படிந்து கிடந்த ஒரு சின்னப் பெட்டியைக் காட்டி, "அதைப் போடுங்க" என்றாள்.

"அது மேசையில வைக்கறதும்மா. அதுல நெஞ்சுல குத்தற அடி இருக்காது."

"அடி வேண்டாமுங்க. போடுங்க."

சின்னப் பெட்டி பேசியது. "மழை", "அணை", "ஆயிரத்து இருநூறு கன அடி" என்று ஒவ்வொரு சொல்லும் பஞ்சைத் தாண்டி வந்து விழுந்தது. வசந்தாமணி காதிலிருந்து பஞ்சை எடுத்தாள். அவள் முகத்தில் சிரிப்பு வந்திருந்தது.

"அந்த மாதிரி ரெண்டு பொட்டி மட்டும் தருவீங்களா?"

செட்டாகத்தான் விற்போம், தனியாகத் தரமாட்டோம் என்றார் விற்பனைக்காரர். செட்டின் விலை நாலாயிரத்துச் சொச்சம். "வாரமுங்க" என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள்.

பஸ்ஸில் சின்னண்ணன் பொறுக்கமுடியாமல் கேட்டான். "காதுல எதுக்குங்க பஞ்சு? மானம் போச்சு."

"உங்கண்ணன் காதை நான் கடன் வாங்கிட்டுப் போயிருந்தேன் தம்பி" என்றாள் அவள். அவனுக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. விளங்கியதும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

நாமக்கல் கடைவீதியில் கைலாசம் என்பவர் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். ராசிபுரத்துத் தறிக்காரக் குடும்பம். வசந்தாமணி நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். புருஷன் காதைப் பற்றியும் மறைக்கவில்லை. கைலாசம் சாலிடர் வைக்கும் கம்பியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"எங்கூட்டுல எங்கப்பன், பெரியப்பன் எல்லாத்துக்கும் இதேதானுங்க. பவர்லூமுக்குள்ளயே கெடந்த காது. மொதல்ல மெல்லிசுச் சத்தம்தான் போவும். 'ச', 'த', 'ப' எல்லாம் ஒண்ணாக் கேக்கும். ஆளு பேசறது தெரியும், பேச்சு தெரியாது. அதுக்குப் பெரிய பொட்டி வெச்சா கும்முனு இரையறதுதான் மிச்சம். நீங்க பஞ்சு வெச்சுப் பாத்தீங்களே, அதுதானுங்க சரியான சோதனை."

"அப்ப எனக்கு என்ன வேணுமுங்க?"

"சின்ன ஆம்ப்ளிஃபையர் ஒண்ணு நானே கட்டித் தாரன். மெல்லிசுச் சத்தத்தைத் தனியாக் கூட்டறதுக்கு ஒரு திருகு இருக்கும். நாலங்குல ஸ்பீக்கர் ரெண்டு. ஆனா டி.வி.க்குள்ள இருந்து நீங்களே கம்பி இழுத்துறாதீங்க. உள்ள நேரா கரண்டு ஓடுது, ஷாக் அடிச்சுப்போடும். நடுவுல ஒரு டிரான்ஸ்பார்மர் போட்டு நானே வந்து எடுத்துத் தாரன். பொட்டிக்கு மரம் மட்டும் நீங்க பாத்துக்கோங்க."

எல்லாம் சேர்த்து அவள் கிழித்த கோட்டுக்குள் அடங்கியது. கிளம்பும்போது திரும்பி, "வயரை நீளமாக் குடுங்க" என்றாள்.

மரத்துக்கு வீட்டிலேயே ஆள் இருந்தது. டி.வி.க்கு ஸ்பீக்கர்ப் பெட்டி வேண்டும் என்று கைலாசம் எழுதிக்கொடுத்த அளவை நீட்டினாள். கந்தப்பன் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான்.

"இதென்ன, அரிசிப் படி அளவுல இருக்குது?"

"அவ்வளவு போதுமாமுங்க. உங்களால முடியலைன்னா ஆசாரிகிட்டக் குடுத்துக்கறன்."

"முடியாமயா?" என்றான் அவன்.

மூன்று நாளில் பெட்டிகள் வந்தன. லாரிக்குப் போடுகிற பிளைவுட். மூலைக்கு மூலை அலுமினியப் பட்டை. முன்பக்கம் கம்பி வலை, அதைச் சுற்றிச் சிவப்பும் மஞ்சளுமாகக் கோடு. பட்டறைப் பெயிண்டர் ஒரு பெட்டியில் தாமரையும் இன்னொன்றில் கிளியும் எழுதியிருந்தான். ஹாரன் ஒன்றுதான் பாக்கி என்று சின்னண்ணன் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கைலாசம் வந்து எல்லாவற்றையும் மாட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். சின்னண்ணன் தன் இஷ்டப்படி டி.வி.க்கு இந்தப்பக்கம் ஒன்று, அந்தப்பக்கம் ஒன்று என்று பெட்டிகளை வைத்தான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. சாயங்காலம் அக்கம்பக்கமெல்லாம் வந்து கூடத்தை நிரப்பியது. பக்கத்துத் தோட்டத்துப் பொன்னாத்தாள் முதல் ஆளாக வந்து நடுவில் சம்மணம் போட்டாள்.

படம் தொடங்கியது. சத்தம் முன்னைவிடக் கணீரென்று கேட்டது. எல்லோரும் பாராட்டினார்கள். வசந்தாமணி டி.வி.யைப் பார்க்கவே இல்லை. கந்தப்பனையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் பத்து நிமிஷம் அவன் திரையைப் பார்த்தான். அதற்குப் பிறகு அவன் கண் மெல்ல நழுவி, பொன்னாத்தாள் முகத்துக்குப் போனது.

கூடத்தில் குழந்தைகள் பேச்சு, மின்விசிறி இரைச்சல், யாரோ வேர்க்கடலை உடைக்கிற சத்தம். இத்தனையையும் தாண்டித்தான் அந்த வார்த்தை பன்னிரண்டு அடி வந்து சேரவேண்டும். கோழிக்குஞ்சு குளிரில் நடுங்கினால் வசந்தாமணி பெரிய பல்பு வாங்க ஓடமாட்டாள். இருக்கிற பல்பைத் தாழ இறக்கிக் குஞ்சுக்குக் கிட்டத்தில் தொங்கவிடுவாள். இதுவும் அதே சங்கதிதான் என்று பட்டது.

விளம்பரம் வந்ததும் எழுந்தாள். "கொஞ்சம் நகருங்க, நகருங்க" என்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்த் தாமரைப் பெட்டியைத் தூக்கினாள்.

"அங்கதானுங்க இருக்கோணும், எடுக்காதீங்க" என்று சின்னண்ணன் கத்தினான்.

"நீங்க கிளிப் பொட்டியைத் தூக்குங்க தம்பி."

இரண்டு முக்காலிகளைக் கொண்டுவந்து கந்தப்பனின் நாற்காலிக்கு இரண்டு பக்கமும், சற்றே பின்னால் தள்ளிப் போட்டாள். காது உயரத்துக்குச் சரியாகப் பெட்டிகளை வைத்து, முகப்பை அவன் பக்கம் திருப்பினாள். வயர் போதுமான நீளம் இருந்தது.

"இதென்ன கூத்து? படம் முன்னால ஓடுது, பேச்சு பின்னால வருது" என்றாள் பொன்னாத்தாள்.

"டி.வி.யிலயும் வருதுல்லீங்க அக்கா. சுத்தியும் சத்தம் வந்தா நல்லாருக்குமாம். சேலத்துல அப்படித்தான் வெக்கறாங்க" என்றாள் வசந்தாமணி, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

கந்தப்பன் இரண்டு பக்கமும் காவல் வைத்தது மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தான்.

விளம்பரம் முடிந்தது. திரையில் ஒரு மாமியார், மருமகனுக்குச் சோறு போட்டபடி வாய்க்குள்ளேயே ஏதோ முணுமுணுத்தாள். பழைய பாக்கியை எல்லாம் சேர்த்து ஒரு நக்கல்.

கந்தப்பன் 'ஹ' என்று சிரித்துவிட்டான்.

கூடத்தில் வேறு யாரும் சிரிக்கவில்லை. பொன்னாத்தாள் திரும்பிப் பார்த்து, "என்ன சொன்னா? என்ன சொன்னா?" என்றாள். கந்தப்பன் அவளுக்கு அந்த வரியை அப்படியே திருப்பிச் சொன்னான். அதன் பிறகுதான் கூடம் சிரித்தது. வசந்தாமணி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அழுகை வரும் போலிருந்தது. வந்தால் எல்லோரும் கேட்பார்களே என்று அடக்கிக்கொண்டாள்.

அதற்கப்புறம் அவன் கண் திரையைவிட்டு நகரவில்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தான். நிமிர்ந்தான். மறுபடி சாய்த்தான். பிறகு கூட்டத்தைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான்.

"சின்னண்ணா, இடது பக்கத்துப் பொட்டியை இன்னுங் கொஞ்சம் கூட்டி வையி. அந்தக் காது எனக்கு ரொம்ப மந்தம்."

எல்லா முகமும் அவன் பக்கம் திரும்பியது. பொன்னாத்தாள்தான் முதலில் பேசினாள்.

"எனக்கு வலது. சொன்னா ஆரு மதிக்கறா? அந்தத் தாமரைப் பொட்டியை இப்புடித் திருப்பு சாமி."

சின்னண்ணன் எழுந்து திருகைத் திருப்பினான். "போதுமா? இன்னுமா?" என்று கேட்டான். கந்தப்பன் கையை உயர்த்திப் போதும் என்றான்.

அன்றைக்குப் படம் முடிந்து எல்லோரும் எழுந்த பிறகும் கந்தப்பன் நாற்காலியை விட்டு எழவில்லை. கதாநாயகனின் அப்பன் கடைசியில் பொய் சொன்னது சரியா தப்பா என்று சின்னண்ணனோடு வாதாடத் தொடங்கிவிட்டான். ஒரு வருஷமாகப் படம் முடிந்த கையோடு வாய் திறக்காமல் படுக்கப் போய்க்கொண்டிருந்தவன். அவன் சரி என்றான், தம்பி தப்பு என்றான். வசந்தாமணி இருவருக்கும் தட்டில் சோற்றைப் போட்டு வைத்துவிட்டுத் தானும் கீழே உட்கார்ந்தாள்.

"அவனாப் பொய் சொல்லலீங்க. அந்த மாமியாக்காரிதான் அவனைச் சொல்ல வெச்சா. சரியாக் கேட்டீங்களா?" என்றாள்.

"நல்லாக் கேட்டேன்" என்றான் கந்தப்பன்.